தூக்குவாசல்

பிணம் கிடந்த இடத்துக்கும் கொலை நடந்த இடத்துக்கும் நடுவே ஒரு வளைவு வாசலும் ஒரு தார் ரோடும்தான். வெற்றிலை போட்டவன் எட்டித் துப்பினால் விழுகிற தூரம். அந்தத் தூரத்துக்குக் கொலைகாரன் பிணத்தை டிராலியில் ஏற்றி, மதிலின் பின்பக்கத்து இடிசலைத் தாண்டி, முள்ளுக்காட்டுக்குள் புகுந்து, கோழிப்பண்ணையைச் சுற்றிக்கொண்டு வந்து ரோட்டோர ஓடையில் தள்ளியிருக்கிறான் என்றால், ஒன்று அவனுக்குப் பைத்தியம், இல்லாவிட்டால் இதை நம்புகிறவர்களுக்கு. முத்துப்பேச்சி நம்பித்தான் ஆகவேண்டியிருந்தது. அவள் கையில் நூல் இருந்தது.

வெள்ளை நூல். பனியன் துணியிலிருந்து வந்தது. நெய்த துணி கிழியும், பின்னிய துணி உருவும். முனை எதிலாவது மாட்டிக்கொண்டால் இழுக்க இழுக்க வந்துகொண்டே இருக்கும். திருப்பூர் வட்டாரத்தில் இது தெரியாதவர்கள் தொட்டிலில்தான் கிடப்பார்கள். கொலைகாரன் பிணத்தைத் துணியில் சுருட்டி, துணி ரோல் மாதிரி எடுத்துப் போயிருக்கிறான். இடிசலில் ஒரு கருவேல முள் துணியின் முனையைப் பிடித்துக்கொண்டது. அவன் தள்ளத் தள்ளப் பின்னல் உருவி, போன வழியெல்லாம் நூல் விழுந்து கிடந்தது. சில இடங்களில் வெள்ளை, சில இடங்களில் காய்ந்த ரத்தம்.

"ரொம்ப நல்லவன் பாய் இந்தக் கொலைகாரன். நமக்கு வழி தெரியாமப் போயிரும்னு நூல் கட்டி வச்சுட்டுப் போயிருக்கான்" என்றாள் முத்துப்பேச்சி.

பாய் என்று அவள் கூப்பிட்டது ஹிதாயத்துல்லாவை. ஐம்பதைத் தாண்டிய மனிதர். கடனுக்கு நூல் வாங்கிக்கொண்டு ஊரைவிட்டு ஓடியவர்களைத் தேடிப் பிடித்தே பெயர் வாங்கித் துப்பறியும் ஆபீஸ் திறந்தவர். கொலைகாரனைக்கூட வாங்க போங்க என்றுதான் பேசுவார். முத்துப்பேச்சி கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். பனியன் கம்பெனி செக்கிங் டேபிளில் நின்றபடி துணியில் ஓட்டை தேடிக்கொண்டிருந்தவளை ஹிதாயத்துல்லா அழைத்து வந்து மனிதர்களிடம் ஓட்டை தேட வைத்தார். சம்பளம் ஒன்றும் உயர்ந்துவிடவில்லை, ஆனால் இங்கே உட்கார நாற்காலி உண்டு என்று அவளே சொல்லிக்கொள்வாள்.

ஹிதாயத்துல்லா நூலைப் பார்க்கவில்லை. திரும்பி அந்த வளைவு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். செங்கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டிய, யானை நுழையக்கூடிய வாசல். உச்சியில் துருப்பிடித்த இரும்புக் கொக்கிகள் வரிசையாகத் தொங்கின.

"ஏனுங்க அம்மிணி, டிராலிக்குச் சக்கரம் எத்தனை பெருசுங்க?"

"உள்ளங்கை அகலம்கூட இருக்காது பாய். வழவழன்னு தரை வேணும். முள்ளுக்காட்டுல தள்ளுறதுக்கு நாமளே பிணத்தைத் தோள்ல தூக்கிக்கிட்டுப் போயிரலாம்."

"வாசல் வழியில சிமெண்டுத் தரை போட்டிருக்குதுங்க" என்றார் அவர்.

நடந்தது இதுதான். தொண்ணூற்றிரண்டாம் வருஷம், வைகாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. உடுமலை ரோட்டிலிருந்து பிரிந்து போனால் வருகிற வஞ்சிமங்கலம் என்ற ஊர். அங்கே பாழடைந்து கிடந்த, வெள்ளைக்காரன் காலத்துச் சர்க்கார் கச்சேரிக் கட்டடத்தில் பின்னல் மெஷின்கள் போட்டு பனியன் துணி ஓட்டிக்கொண்டிருந்தார் பழனிமுத்து. லீவு நாள். மத்தியானம் யாரோ அவரைத் துணி வெட்டும் கத்திரியால் கழுத்திலும் வயிற்றிலும் குத்திக் கிழித்துவிட்டார்கள். சாயங்காலம் மாடு பிடிக்க வந்தவன் ஓடையில் பனியன் துணி மூட்டை மிதக்கிறதே என்று இழுத்தான். துணிக்குள்ளிருந்து கை வந்தது.

கத்திரி, கட்டிங் மாஸ்டர் சலாவுதீனுடையது. சனிக்கிழமைதான் பழனிமுத்து எல்லார் முன்னாலும் அவனைக் கன்னத்தில் அறைந்து வேலையை விட்டு அனுப்பியிருந்தார். கோபத்தில் கத்திரியை மேஜையிலேயே போட்டுவிட்டுப் போய்விட்டதாக அவன் சொன்னான். எந்தக் கட்டிங் மாஸ்டராவது தன் கத்திரியை விட்டுவிட்டுப் போவானா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். கேட்ட முறைதான் சரியில்லை. ராத்திரி முழுக்க ஸ்டேஷனில் வைத்து, கத்திரி பிடித்த கை இதுதானே என்று வலது கையைப் பெஞ்சில் விரித்து லத்தியை விரல்கள்மேல் உருட்டியிருக்கிறார்கள். வெறும் கையால் உருட்டவில்லை, லத்திமேல் இரண்டு பேர் ஏறி நின்றிருக்கிறார்கள். சாயந்திரம் மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோவதற்குள் ஒப்புக்கொள்ளாவிட்டால் இடது கை என்று சொல்லியிருந்தார்கள். சலாவுதீனின் மனைவி ஜஹானாரா விடிந்ததும் ஹிதாயத்துல்லாவின் வாசலில் வந்து நின்றாள். அவள் அழவில்லை. கணவனின் விரல்கள் எப்படி இருந்தன என்று மட்டும் சொன்னாள்.

இவர்களைத் தன் மாருதி வேனில் ஏற்றிக்கொண்டு வந்தவர் செங்கோட்டையன். செத்தவருக்குக் கூட்டாளி. உடுமலைப் பக்கம் தென்னந்தோப்பு உள்ளவர், நெற்றி நிறையத் திருநீறு, பேச்சில் தேன். அந்தப் பையன் செய்திருக்க மாட்டான், ஏதாவது செய்யுங்கள் என்று அவரேதான் வேனை எடுத்துக்கொண்டு வந்தார். ரோட்டில் இவர்களை இறக்கிவிட்டு, பின்பக்கம் தண்ணீர் மோட்டாரைப் பார்த்துவிட்டு வருவதாகப் போனார். இவர்கள் வளைவு வழியாக உள்ளே நுழைந்து, முற்றத்தில் பனியன் வேஸ்ட் போட்டுத் துடைத்தும் போகாத ரத்தக் கறையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மதில் இடிசல் வழியாக வந்து சேர்ந்தார். வேட்டியின் கரை முழுக்க நாயுருவி ஒட்டியிருந்தது.

"என்ன மொதலாளி, காட்டையே வேட்டியில கட்டிக்கிட்டு வந்துட்டீக?" என்றாள் முத்துப்பேச்சி. அவர் சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டார்.

கறையிலிருந்து தொடங்கிய டிராலித் தடத்தைப் பிடித்துக்கொண்டு ஹிதாயத்துல்லாவும் அவளும் இடிசலைத் தாண்டிப் போனார்கள். நூல் கோழிப்பண்ணை வேலியை ஒட்டிப் போயிற்று. பண்ணைப் பெண்கள் முட்டை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை இதே நேரத்துக்கு வேனில் முட்டை ஏற்றினார்களாம். தலையில் துண்டு கட்டிய ஒரு ஆள் துணி ரோலைத் தள்ளிக்கொண்டு போனதை நாலைந்து பேர் பார்த்திருக்கிறார்கள். அதில் ஒருத்தி, வண்டி சிக்குகிறதே, கை கொடுக்கட்டுமா என்றுகூடக் கேட்டிருக்கிறாள். அவன் கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனானாம். முகத்தை யார் கவனித்தது? இந்தப் பக்கத்தில் துணி ரோல் தள்ளிக்கொண்டு போகிறவனை நிமிர்ந்து பார்ப்பவர் கிடையாது.

கேட்டுவிட்டு வெளியே வந்ததும் ஹிதாயத்துல்லா வேகமாக நடக்க ஆரம்பித்தார். நூல் ரோட்டுக்கு வந்து, ஓடைக்கரையில் முடிந்தது. நிமிர்ந்தால் எதிரே அதே வளைவு வாசல்.

"யார் கண்ணுலயும் படக் கூடாதுன்னு பின்பக்கமாப் போனான்னு இன்ஸ்பெக்டர் சொல்றாருங்க. பின்பக்கம்தான் அஞ்சாறு பேர் இருந்தாங்க. முன்பக்கம் யார் இருந்தாங்கன்னு கேப்பம், வாங்க" என்றார்.

வாசலுக்கு நேர் எதிரே இருந்த ஒரே கடை மருதாளின் மெஸ். நாற்பது வயது, கனத்த குரல், ஆட்டுக்கல்லில் மாவு ஆட்டிக்கொண்டே அரை ஊரை அதட்டக்கூடியவள். ஜஹானாரா அங்கேதான் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து ஸ்டேஷன் இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மருதாள் வைத்த டீ அவள் முன்னால் ஆடை படிந்து கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது, அன்றைக்கு இந்த ரோட்டில் காக்காய்கூட இருக்காது என்றாள் மருதாள். பிறகு, கொலைகாரன் மதில் இடிசல் வழியாகப் போனான் என்று ஹிதாயத்துல்லா சொன்னதும் அவள் ஆட்டுகிற கை நின்றுவிட்டது.

"அந்தச் சந்துலயாங்க? அதுல எங்க ஊர் நாய்கூட நுழையாதுங்களே."

ஏன் என்று கேட்க வேண்டியதில்லை. வஞ்சிமங்கலத்துக்காரர்களிடம் பழங்கதையைக் கேட்காமல் இருப்பதுதான் கஷ்டம். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் இந்தச் சீமையை ஆண்டபோது இதுதான் தலைநகர். கலெக்டர் பங்களா, கஜானா, ஜெயில், கச்சேரி எல்லாம் இங்கே. இப்போது பங்களாவில் கோழித்தீவனம், ஜெயிலில் ரேஷன் அரிசி, கச்சேரியில் பின்னல் மெஷின். தலைநகர் போய் ஏழு தலைமுறை ஆகியும் மிடுக்கு மட்டும் போகவில்லை. பல்லடத்துக்குப் பஸ் ஏறுவதை இன்னும் பட்டிக்காட்டுக்குப் போய் வருவதாகத்தான் சொல்வார்கள்.

மருதாள் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். சுற்றுப்பட்டுத் தறிகளில் நெய்த துணியெல்லாம் கம்பெனிக்கே என்று பிடுங்கிக்கொண்டிருந்த காலம். கேட்டவர்களுக்குச் சாட்டை. பொறுக்க முடியாமல் ஏழு பேர் கம்பெனியின் துணிக் கிடங்குக்கு நெருப்பு வைத்துவிட்டுக் காட்டில் ஒளிந்துகொண்டார்கள். அவர்களுக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுத்த ஊர்க்காவல் தலையாரியே இடத்தைக் காட்டிக்கொடுத்தான். கலெக்டர் ஏழு பேரையும் அந்த வளைவில், அந்தக் கொக்கிகளில், ஒரே நாளில் தொங்கவிட்டான். அழுகி விழுகிறவரை இறக்கவில்லை. தலையாரி பட்டுத்துண்டு வாங்கிக்கொண்டு அந்தக் கால்களுக்குக் கீழேயே நடந்து வந்தான். தூக்கில் போனவர்களில் ஒருவனின் தாய் வாசலில் நின்று மண்ணை வாரித் தலையாரியின் முகத்தில் வீசினாள். இனி உன் வம்சத்தில் எவன் இந்த வாசலில் நுழைந்தாலும் ரத்தம் கக்கிச் சாவான் என்றாள். வாரம் திரும்புவதற்குள் அவன் ரத்தம் கக்கினான். பிழைத்துக்கொண்டாலும் அதற்கப்புறம் வாசலில் கால் வைக்கவில்லை. கச்சேரிக்குப் போய்வரப் பின்பக்கத்து மதிலை இடித்து வழி செய்துகொண்டான். அதுதான் அந்தச் சந்து. பிறகு கம்பெனி தலைநகரை வேறு ஊருக்கு மாற்றியது, தலையாரி குடும்பமும் எங்கேயோ போய்விட்டது.

"எங்களுக்கு அந்த வாசல் கோயிலுங்க. கல்யாணம் ஆனா பொண்ணு மாப்பிள்ளையை மொதல்ல அதுக்குள்ளதான் நடத்திக் கூட்டிப் போவோம். அந்தச் சந்துல போறவன் எங்க ஊர்க்காரனா இருக்க மாட்டான்."

ஜஹானாரா தலை நிமிர்ந்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. ஊர்க்காரன் இல்லையென்றால் வெளியூர்க்காரன். சலாவுதீன் திருப்பூர்க்காரன். மருதாள் இதை இன்ஸ்பெக்டரிடம் சொன்னால் சலாவுதீனின் கழுத்தில் சுருக்கு இன்னும் இறுகும். கஷ்டப்பட்டு முள்ளில் கை கிழித்துக்கொண்டு நூல் பொறுக்கி, கடைசியில் அதைக் கயிறாகத் திரித்துப் போலீசுக்கே கொடுக்கப் போகிறோமா என்று முத்துப்பேச்சிக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

"பாய், நாம வந்த பஸ்ஸிலயே திரும்பிப் போயிருவமா?" என்றாள் மெதுவாக.

"நாம வேன்ல வந்தமுங்க அம்மிணி" என்றார் ஹிதாயத்துல்லா. மருதாளிடம் திரும்பி, இந்தக் கதையைச் சமீபத்தில் வேறு யாருக்காவது சொன்னீர்களா என்று கேட்டார்.

செத்துப்போன பழனிமுத்துவுக்கேதான் சொன்னாளாம், போன வெள்ளிக்கிழமை. தலையாரி வம்சத்தைப் பற்றித் திருப்பித் திருப்பிக் கேட்டுவிட்டு, பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரித்தாராம். ஒருத்தனின் குட்டு கையில் கிடைத்தால் அவனைச் சாகிறவரை கேலி செய்கிற ஆள் அவர்.

ஹிதாயத்துல்லா பெஞ்சிலிருந்து எழுந்தார்.

"வெளியூர்க்காரருக்கு அந்த வாசல் வெறும் வாசல்தானுங்க. வழவழன்னு தரை, ஆளில்லாத ரோடு, எதிரிலயே ஓடை. அவர் எதுக்குங்க முள்ளுல போகணும்? ஊர்க்காரர் சந்துல போக மாட்டார். வெளியூர்க்காரர் வாசலை விட்டுட்டுச் சந்துக்குப் போக மாட்டார். பிணத்தோட போற அவசரத்துலயும் வாசலுக்குப் பயந்து சந்துல போறவர் அந்தத் தலையாரி வம்சத்து ஆளாத்தானுங்க இருக்கமுடியும்."

முத்துப்பேச்சியின் கண்முன்னால் வந்தது ஒரு வேட்டிக் கரையும் அதில் ஒட்டியிருந்த நாயுருவியும். மோட்டாரைப் பார்க்கப் போன மனிதர் மோட்டாரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பக்கத்து எஸ்.டி.டி. பூத்திலிருந்து ஹிதாயத்துல்லா ஸ்டேஷனுக்குப் பேசினார். அவர் சொன்னதை இன்ஸ்பெக்டர் நம்பவில்லை, ஆனாலும் ஜீப்பில் வருவதாகச் சொன்னார். சலாவுதீனையும் கூட்டி வாருங்கள், இடது கையைத் தொடாதீர்கள் என்று ஹிதாயத்துல்லா கேட்டுக்கொண்டார். முத்துப்பேச்சி அவர் குரலில் கெஞ்சலைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

இருவரும் திரும்பவும் வளைவு வழியாக உள்ளே போனார்கள். செங்கோட்டையன் முற்றத்தில் பழைய பின்னல் மெஷின் ஒன்றின் பக்கத்தில் நின்றுகொண்டு, ஏதாவது கிடைத்ததா என்று அக்கறையாகக் கேட்டார்.

"கிடைச்சுதுங்க. டீ குடிச்சுட்டே சொல்றனுங்க, வாங்க" என்று ஹிதாயத்துல்லா அவர் தோளில் கை போட்டு வாசலைப் பார்த்து நடத்தினார்.

நாலு எட்டு வந்தார் செங்கோட்டையன். வளைவின் நிழல் தரையில் விழுந்த இடத்துக்கு வந்ததும் அவர் கால் ஊன்றிக்கொண்டது. பின்பக்கம் செருப்பை விட்டுவிட்டேன், நீங்கள் போங்கள், நான் சுற்றிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்றார். செருப்பு அவர் காலில்தான் இருந்தது.

"பழனிமுத்து அண்ணனும் இப்படித்தானுங்களே இழுத்தாரு?" என்றார் ஹிதாயத்துல்லா, தோளிலிருந்து கையை எடுக்காமல்.

தேன் ஒழுகிய முகம் ஒரு நொடியில் வேறு முகமாகிவிட்டது. செங்கோட்டையன் குனிந்தது தெரியவில்லை, மெஷின் காலுக்கு முட்டுக் கொடுத்திருந்த இரும்பு ராடு அவர் கையில் இருந்தது. முதல் அடி ஹிதாயத்துல்லாவின் தோளில் விழுந்து எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. இரண்டாவது அடி காதுக்கு மேலே. அவர் ஒரு பக்கமாகச் சாய்ந்து, பழைய ரத்தக் கறை மேலேயே விழுந்தார். மூன்றாவது அடிக்கு ராடை ஓங்கியபோது முத்துப்பேச்சி அந்தக் கையில் தொங்கி, மணிக்கட்டில் பல் பதியக் கடித்தாள். வாயில் உப்புக் கரித்தது. அவர் அவளை உதறி மதிலில் அடித்தார். முகம் செங்கல்லில் மோத, முன்பல் ஒன்று தெறித்தது. அவள் எழுந்திருப்பதற்குள் வயிற்றில் உதைத்தார், மறுபடியும் உதைத்தார். ராடு கைநழுவி உருண்டதும் அதை எடுக்கக்கூட நிற்காமல் ஓடினார்.

எதிரே வாசல் திறந்து கிடந்தது. வாசலுக்கு வெளியே அவருடைய வேன், சாவி அதிலேயே. குறுக்கே ஒரு ஆள் இல்லை. ஐந்து எட்டு ஓடினால் வேன், வேனில் ஏறினால் பொள்ளாச்சி ரோடு. செங்கோட்டையன் வளைவு வரைக்கும் ஓடினார். நிழலுக்கு முன்னால் நின்றார். கொக்கிகளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு திரும்பி, முற்றத்தைத் தாண்டி, மதில் இடிசலைப் பார்த்து ஓட ஆரம்பித்தார்.

அதைப் பார்த்துக் கீழே கிடந்த முத்துப்பேச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வலியில் அது அழுகை மாதிரிதான் கேட்டது. ஹிதாயத்துல்லா கண்ணைத் திறந்து வாசலைக் காட்டினார். அவள் எழுந்து, பல்லைத் துப்பிவிட்டு, வளைவுக்குள் நேராக நடந்து வெளியே வந்தாள். ஓடக்கூடத் தேவைப்படவில்லை. வேனிலிருந்து சாவியை உருவி ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டாள். மருதாளின் ஆட்டுக்கல்லிலிருந்து மாவு வழியும் குழவியை உருவி எடுத்துக்கொண்டு வேனுக்குப் பின்னால் உட்கார்ந்தாள்.

செங்கோட்டையன் வந்து சேர்ந்தபோது சட்டை நார்நாராகத் தொங்கியது. முகமும் கையும் முள் கிழித்து ரத்தமாக இருந்தன. வேனின் கதவைத் திறந்தவர் சாவி இல்லாததைப் பார்த்துத் திகைத்த நேரத்தில் முத்துப்பேச்சி இரண்டு கையாலும் குழவியைத் தூக்கி முழங்காலில் இறக்கினாள். கால், வளையக் கூடாத பக்கம் வளைந்தது. அவர் ரோட்டில் விழுந்து புழுதியைக் கடித்துக்கொண்டு அலறினார்.

"வழி சுத்தாம வந்திருந்தா இந்நேரம் தப்பிச்சிருப்பீகளே மொதலாளி" என்றாள் மூச்சு வாங்க.

குழவி உருண்டு ஜஹானாராவின் காலடியில் நின்றது. அவள் அதைக் குனிந்து எடுத்தாள். செங்கோட்டையனின் வலது கை தார் ரோட்டில் விரிந்து கிடந்தது. அவள் அந்தக் கைக்கு நேராகக் குழவியைத் தூக்கினாள். அவள் முகத்தில் கோபமே இல்லை, அதுதான் முத்துப்பேச்சிக்குப் பயமாக இருந்தது. மருதாளும் தடுக்கவில்லை.

"வேண்டாங்கம்மா" என்று வாசலிலிருந்து குரல் வந்தது. ஹிதாயத்துல்லா ஒரு கையால் மறு தோளைத் தாங்கிக்கொண்டு, காதோரம் ரத்தம் வடிய நின்றார். "அவங்க கை நமக்கு வேணுமுங்க. அந்தக் கை கையெழுத்துப் போட்டாத்தான் உங்க ஊட்டுக்காரர் வெளியில வருவாருங்க."

ஜஹானாரா குழவியைக் கீழே போட்டாள். அது கைக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது.

செங்கோட்டையன் எல்லாவற்றையும் சொன்னார். அவர் அப்பா சின்ன வயதில் யாரோ சவால் விட்டதற்காக இந்த வாசலுக்குள் ஒரே ஒரு தடவை நுழைந்தார். அந்த வருஷமே ரத்தம் கக்கிச் செத்தார். சயரோகமாக இருக்கும் என்றார் ஹிதாயத்துல்லா. எங்கள் வீட்டில் அதற்கு அந்தப் பெயர் இல்லை என்றார் செங்கோட்டையன். பழனிமுத்து இந்தக் கட்டடத்தைப் பிடித்தபோது வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பான். மருதாளிடம் கதையைக் கேட்டதும், இவர் ஒரு நாளும் வாசலில் நுழையாததை வைத்து அவனே கணக்குப் போட்டுவிட்டான். ஞாயிற்றுக்கிழமை பழனிமுத்து இரண்டு பேருக்கும் பொதுவான கணக்கைப் பேச வரச்சொல்லிவிட்டு, துண்டைக் கழுத்தில் போட்டு முறுக்கி, வாடா தலையாரிப் பேரா என்று சிரித்துக்கொண்டே வாசலுக்கு இழுத்தான். ஊர் நோம்பித் திருவிழாவுக்கு மேளம் வைத்து உன்னை இதற்குள் கூட்டிப் போகிறேன் என்றான். நிழல் காலில் பட்டது. அதற்கப்புறம் சலாவுதீனின் கத்திரி கைக்கு எப்படி வந்தது என்று தெரியாது. காம்பவுண்டுக்குள் கிடந்தால் கூட்டாளி மேல் கண் விழும் என்று ஓடைக்குக் கொண்டு போனார். இவர்களை அழைத்து வந்தது, என்ன கண்டுபிடிக்கிறார்கள் என்று கூடவே இருந்து பார்க்கத்தான்.

ஜீப் வந்தது. பின்சீட்டில் சலாவுதீன் இருந்தான். வலது கையை மடியில் வைத்திருந்தான். அதைக் கை என்று சொல்ல முத்துப்பேச்சிக்கு மனசு வரவில்லை. விரல்கள் கறுத்து வீங்கி ஒவ்வொன்றும் ஒரு திசையைப் பார்த்தன. இடது கை தப்பியிருந்தது. ஜஹானாரா ஓடிப்போய் ஏறி அவனருகே உட்கார்ந்துகொண்டாள்.

இன்ஸ்பெக்டர் இவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை. ராத்திரி முழுக்க தான் செய்ததைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. அந்த வேகத்தை எல்லாம் செங்கோட்டையனின் மேல் காட்டினார். முடியைப் பிடித்துத் தூக்கி, உள்ளே நடந்து இடத்தைக் காட்டு என்றார். செங்கோட்டையன் உடைந்த காலோடு அவர் பூட்ஸைக் கட்டிக்கொண்டார். எத்தனை அடி வேண்டுமானாலும் அடியுங்கள், பின்பக்கமாகக் கூட்டிப் போங்கள் சாமி என்று கதறினார். இரண்டு போலீஸ்காரர்கள் கக்கத்தில் கை கொடுத்து வாசலுக்கு இழுத்தார்கள். கொக்கிகளுக்கு நேர் கீழே வந்தபோது அவர் கண்ணை இறுக மூடி, வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். ரத்தம் வெளியே வந்துவிடாமல் பிடித்துக்கொள்கிறவர் மாதிரி இருந்தது.

உள்ளே போனார்கள். கறையைக் காட்டினார். திரும்பவும் அதே வாசல் வழியாக வெளியே இழுத்து வந்தார்கள்.

ஜீப்புக்குப் பக்கத்தில் விட்டதும் செங்கோட்டையன் கண்ணைத் திறந்தார். வாயிலிருந்து கையை எடுத்து உள்ளங்கையைப் பார்த்தார். எச்சில்தான் இருந்தது. புறங்கையைத் திருப்பிப் பார்த்தார். மூச்சை இழுத்து விட்டுப் பார்த்தார். வாசலைத் திரும்பிப் பார்த்தார். அவர் முகம் குழந்தை முகம் மாதிரி கோணிக்கொண்டது.

"ஒண்ணுமே ஆகலீங்களே" என்றார்.

ஜீப்புக்குள்ளிருந்து ஜஹானாரா சலாவுதீனின் கையைத் தன் முந்தானையில் ஏந்தி, அவர் பார்க்கும்படி மெதுவாக வெளியே நீட்டினாள்.

"உங்களுக்கு ஆகலீங்க" என்றாள். "இவருக்கு ஆயிருச்சு."